யாருமே கட்டாத நாடா

என் பெண்டாட்டிக்குக் கோபம் வந்தால் எங்கள் தெருக் காக்கைகள் எல்லாம் கிளம்பிப் பக்கத்துத் தெருவில் போய் உட்கார்ந்துகொள்ளும். நம்பாதவர்கள் அந்தக் காக்கைகளிடமே கேட்டுக்கொள்ளலாம். அவள் வேலை பார்க்கும் சலவை ஷெட்டில் அவளுக்கு 'வெடி' என்று பேர். யார் வைத்த பேர் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஷெட்டில் எதைச் செய்தது யார் என்று கேட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வருவதே அதில்தான். எனக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தாலும் வீட்டில் அதை வைக்க இடமில்லை, எல்லா இடத்தையும் அவள் கோபம் அடைத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்தக் குரலைச் சொல்லிவிடுகிறேன். அவள் பிறந்த வீடு ரயில் பாதையை ஒட்டியது. ஒட்டியது என்றால், ரயில் போகும்போது அடுப்பில் இருக்கும் பாத்திரம் தானாக நகர்ந்து கீழே இறங்கிக்கொள்ளும், அவ்வளவு ஒட்டியது. அந்த வீட்டில் உப்பு வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்கவேண்டும். மெதுவாகக் கேட்ட பிள்ளைகள் உப்பில்லாமல் சாப்பிட்டு வளர்ந்தார்கள். இவள் கத்தினாள், உப்போடு வளர்ந்தாள். விஷயம் இவ்வளவுதான். ஆனால் அவளைப் பார்க்கிற எவனும் 'ரயில் பக்கத்தில் வளர்ந்தவள், பாவம்' என்று சொல்லமாட்டான். 'பிறவியிலேயே ராங்கிக்காரி' என்பான். அதே ஆள் லேட்டாக வேலைக்கு வந்து மேஸ்திரியிடம் எகிறிவிட்டு, 'பஸ்காரன் பண்ணின வேலைங்க, இல்லன்னா நான் தங்கம்' என்பான். தன் கோபம் என்றால் அதற்குக் காரணம் பஸ். அடுத்தவள் கோபம் என்றால் பிறவிக் குணம். இந்த நியாயத்தை எந்தக் கடையில் விற்கிறார்களோ தெரியவில்லை, ஊரே வாங்கி வைத்திருக்கிறது.

நான் அவளைப் பார்த்ததே அந்தக் குரலால்தான். என் சைக்கிள் கடையில் அவள் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினேன். ஒட்டின லட்சணம், தெருமுனை தாண்டுவதற்குள் காற்று போய்விட்டது. திரும்பி வந்தாள். பேசினாள். அவள் பேசின பேச்சில் கடையில் மாட்டியிருந்த மற்ற டயர்களிலும் காற்று இறங்கிவிட்டது. அன்றைக்கே முடிவு பண்ணினேன்: இந்தச் சத்தம் நம் பக்கம் இருந்தால் பலம், எதிர்ப்பக்கம் இருந்தால் சேதம். கட்டிக்கொண்டேன். இப்போதும் பாதி நாள் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறாள், அது வேறு கதை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர், கல்லூரியில் படிக்கும் மகள், வேலை தேடுவதையே வேலையாக வைத்திருக்கும் என் தம்பி. ஒரு நாள் காலையில் வெடி குளிக்கப் போகும்போது, "அடுப்புல பால் இருக்கு, யாராவது பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று பேரும் "சரி" என்றோம். மூன்று பேரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாலைப் பார்த்தோம். பால் ஏறியது. நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி என் மகளைப் பார்த்தான். மகள் என்னைப் பார்த்தாள். ஒருத்தர் முகத்திலும் பதற்றம் இல்லாததால் ஒருத்தருக்கும் பதற்றம் வரவில்லை. பால் பொங்கி, அடுப்பை அணைத்து, மேடையில் ஓடி, தரையில் இறங்கி, வாசல் வரைக்கும் போய்ப் பால்காரனைத் தேடியது.

குளித்துவிட்டு வந்தவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மூணு தடிமாடும் உக்காந்து வேடிக்க பாத்தீங்களா?"

"அண்ணன் எந்திரிப்பாருன்னு நெனச்சேன் அண்ணி" என்றான் தம்பி.

"சித்தப்பாதானேம்மா பக்கத்துல இருந்தாரு" என்றாள் மகள்.

"நான் என்ன சொல்றேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க வாயத் தொறக்காதீங்க. பால் பொங்கறத பாக்கறதுக்குன்னே பொறந்த ஆளு நீங்க."

மகள் இடையில் புகுந்தாள். "அம்மா, இது எங்க பாடத்துலயே வருதும்மா. ஆளுங்க கூடக் கூட, ஒவ்வொருத்தரும் அடுத்தவன் பாத்துக்குவான்னு இருந்துருவாங்களாம். நான் மட்டும் தனியா இருந்திருந்தா கண்டிப்பா எந்திரிச்சிருப்பேன்."

"இதுக்குக் காலேஜ் வச்சு பாடம் வேற நடத்துறானுங்களா? உங்க வாத்தியார ஒரு நாளு எங்க ஷெட்டுக்கு வரச் சொல்லு. உள்ள வந்து நின்னாருன்னா போதும், பொஸ்தகத்த தூக்கிப் போட்ருவாரு. மொதல்ல அந்தத் துணிய எடுத்துத் தரையத் தொடச்சு விடு."

மகள் என்னைப் பார்த்தாள்.

"அங்க என்னடி பார்வ? உன்னத்தான் சொன்னேன்!"

அந்த ஷெட் என் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. ஊரில் உள்ள ஆஸ்பத்திரி, விடுதி எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் அங்கேதான் மலை மலையாக வந்து விழும். உள்ளே எந்நேரமும் நீராவி. காலையில் குண்டாக உள்ளே போன ஆள் சாயங்காலம் பாதியாக வெளியே வருவான், மீதிப் பாதி புகைபோக்கி வழியாகப் போயிருக்கும். நடுவில் ரோலர். ஒரு லாரி நீளத்துக்குச் சுடச்சுடச் சுழலும் உருளைகள். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, சுருக்கம் எடுத்து, அதன் வாயில் கொடுக்கவேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் மொடமொடவென்று வருவதை வாங்கி மடிக்கவேண்டும். ரோலரின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. விரல் கம்பி என்பார்கள். விரல் அதைத் தட்டினால் ரோலர் அப்படியே நின்றுவிடும். நல்ல கம்பி. ரொம்ப நல்ல கம்பி என்பதுதான் சிக்கல். கனத்த விரிப்பின் ஓரத் தையல் தட்டினாலும் நின்றுவிடும். நின்றால் உள்ளே மாட்டின துணி பழுப்பேறும், மேனேஜர் கத்துவார், வாசலில் ஆஸ்பத்திரி வண்டிக்காரன் ஹாரனில் கை வைத்தால் எடுக்கமாட்டான்.

ஆகவே அந்தக் கம்பியை அசையவிடாமல் ஒரு நாடாவால் கட்டி வைத்திருந்தார்கள். கிழிந்த விரிப்பிலிருந்து கிழித்த நாடா. யார் கட்டினது? "முன்னாடியே இருந்துச்சு." எப்போதிலிருந்து? "நான் வர்றதுக்கு முன்னாடியே." அங்கேயே கிடந்து நரைத்துப் போன பாய்லர்காரரும் தான் வருவதற்கு முன்னாடியே என்றார். அந்த ரோலர் வந்து இறங்கினபோது கயிறு போட்டு இழுத்தவரே அவர்தான். இன்னொரு கூத்து என்னவென்றால், அந்த நாடா ஒரு நாளும் அழுக்காக இருந்ததில்லை. பழசு நைந்துபோனால் புதுசு வந்துவிடும், வெள்ளை வெளேரென்று, இஸ்திரி போட்டு, அழகாக முடிச்சுப் போட்டு. சலவைக்காரர்கள் அல்லவா? தப்புச் செய்தாலும் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் செய்வார்கள். ஆனால் கட்டினது மட்டும் யாரும் இல்லை. பேய் வந்து கட்டிவிட்டுப் போகிறது, அதுவும் சுத்தம் பார்க்கிற பேய்.

மேஸ்திரிக்கு 'சரிதானே' என்று பேர். காலையில் ரோலரை ஓட்டுவதற்கு முன்னால் எல்லாரையும் நிற்கவைத்து, "எல்லாருக்கும் எல்லாம் சரிதானே?" என்பார். எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, "சரி மேஸ்திரி" என்பார்கள். வெடி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவள் மட்டும், "சரியில்ல" என்றாள்.

"என்ன சரியில்ல?"

"இந்த நாடாவ அவுருங்க. கை உள்ள போச்சுன்னா மிஷின் எப்பிடி நிக்கும்?"

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "வந்தன்னிக்கே வெடிச்சிருச்சுடோய்" என்றது. அவ்வளவுதான், ஒரே சிரிப்பு. "பயமா இருந்தா வீட்ல உக்காந்து பாத்திரம் கழுவும்மா, பாத்திரம் கையக் கடிக்காது" என்றார் பாய்லர்காரர். பேரும் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அவள் நியாயமாக எது கேட்டாலும் 'வெடி வெடிக்குது' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டிய வேலை மிச்சம்.

எனக்கு வயிறு எரிவது எங்கே தெரியுமா? அன்றைக்குச் சிரித்த ஆட்கள் தனித்தனியாக என் கடைப் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். டீ குடித்துக்கொண்டே, "அண்ணே, அந்தக் கம்பிய நெனச்சா எனக்கும் பக்குனுதான் இருக்கு. ஆனா மத்த யாரும் கண்டுக்கல, நான் மட்டும் எதுக்குப் பயந்தாங்கொள்ளின்னு பேர் எடுக்கணும்?" என்பார்கள். ஒருத்தன் போனால் இன்னொருத்தன் வந்து அதையே சொல்வான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்தால் வானிலை பேசுவார்கள். நான் வீட்டில் போய்ச் சொன்னால் அவள், "என் மூஞ்சிக்கு நேரா வந்து ஏன் சொல்லல? பஞ்சர் ஒட்டறவர்கிட்ட சொன்னா ரோலர் நின்னுருமா?" என்று என்மேல் பாய்வாள். ஆனால் ஷெட்டில் அந்த நாடாவைப் பற்றி அவளும் வாய் திறப்பதை விட்டுவிட்டாள். வேறு எல்லாவற்றுக்கும் கத்தினாள். நாடாவுக்கு மட்டும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஊசி வந்தாள். இருபது வயசுப் பெண். பக்கவாட்டில் திரும்பி நின்றால் மேஸ்திரி ஆப்சென்ட் போட்டுவிடுவார், அவ்வளவு ஒல்லி. அப்பா இல்லை. நடமாட முடியாத அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் தம்பியும் இவள் கையை நம்பித்தான் இருந்தார்கள். கையை நம்பி என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. அவளை வெடிக்கு ஜோடியாக ரோலர் வாயில் நிறுத்தினார்கள். விரிப்பை எப்படிப் பிடிப்பது, எப்படி ஒரே நேரத்தில் முன்னால் அடி வைப்பது, எல்லாம் வெடிதான் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். "அக்கா, இந்த நாடா எதுக்குக்கா?" என்று ஊசி ஒரு தரம் கேட்டாளாம். "அது அப்பிடித்தான்" என்று வெடி சொன்னாளாம். இது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அன்றைக்கு மதியம் நான் கடையில் ஒரு ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தேன். எதிரே வெடியின் குரல். அவள் குரல் எனக்குப் புதுசா என்ன? ஆனால் அன்றைக்குக் கேட்டது வேறு. எழுந்து ஓடினேன்.

ஈர விரிப்பின் மூலை சுருண்டுகொண்டது. ஊசி அதை விரலால் நீவிவிட்டாள். துணி விரலைச் சுற்றிக்கொண்டு இழுத்தது. கை கம்பியைத் தட்டியது. கம்பி அசையவில்லை. இஸ்திரி போட்ட நாடா அவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வெடி ஊசியின் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தபடி, "யாராவது நிறுத்துங்க! யாராவது பட்டன அமுத்துங்க!" என்று அலறினாள். சிவப்புப் பட்டன் அந்தக் கடைசிச் சுவரில் இருக்கிறது. நாற்பது பேர் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை, எல்லாரும் பிள்ளை குட்டிக்காரர்கள். ஆனால் ஒவ்வொரு கண்ணும் அடுத்த ஆளைப் பார்த்தது. எங்கள் வீட்டுப் பாலை நாங்கள் பார்த்தோமே, அதே பார்வை. பால் என்றால் துடைத்துவிடலாம்.

அப்புறம் அவள் ஒரே ஆளைக் கண்ணால் பிடித்தாள். தள்ளுவண்டி தள்ளுகிறவன்.

"ஏய், நீலச் சட்ட! அங்க இங்க பாக்காத, உன்னத்தான்! நீ போய் அந்தச் செவப்பு பட்டன அமுத்து!"

அவன் வாலில் தீ வைத்தது போல ஓடினான்.

"பாய்லர் அண்ணே, நீங்க ஸ்டீம மூடுங்க! மேஸ்திரி, நீங்க வண்டி கூப்பிடுங்க! இந்தா பச்சப் பொடவ, நீ ஈரத் துணி கொண்டா!"

ஆளைக் குறிப்பிட்டுக் கூப்பிட்ட ஒவ்வொருத்தரும், பிள்ளைகள் விளையாட்டில் சிலையாக நின்றவர்களைத் தொட்டுவிட்டது போல, பறந்தார்கள். ரோலர் நின்றது. கை வெளியே வந்தது. அதைப் பற்றி நான் சொல்லமாட்டேன், எனக்கே இன்னும் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

ஊசியை ஏற்றிக்கொண்டு வண்டி போனபிறகு அவள் என் கடையில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"யாராவதுன்னு ஒருத்தன் எங்க ஷெட்டுல வேலைக்கே சேரலங்க" என்றாள். "நான்தான் இல்லாத ஆள இவ்ளோ நேரம் கூப்பிட்டுட்டு இருந்திருக்கேன்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கை தப்பித்துவிட்டது, இரண்டு விரல் மடங்குமா மடங்காதா என்று பிறகுதான் தெரியும் என்றார்கள். ஊசி கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் போர்த்தியிருந்த விரிப்பு எங்கள் ஷெட்டில் இஸ்திரியானது. மூலை மடிப்பைப் பார்த்ததுமே வெடிக்குத் தெரிந்துவிட்டது, தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"என் தப்புதான்கா" என்றாள் ஊசி. "எல்லாரும்தான் அதே மிஷின்ல நிக்கறாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல, எனக்கு மட்டும் ஆச்சுன்னா நான்தானே காரணம்? நான்தான் கவனமா இல்ல."

வெடி வெடிப்பாள் என்று நான் சுவரோரமாக ஒதுங்கினேன். ஒரு சத்தமும் இல்லை. கோபத்தில் அவள் கத்தி நான் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். கோபத்தில் அவள் வாய் மூடினதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இதற்கு அந்தக் கத்தலே தேவலை.

ஷெட்டில் கதை அதற்குள் ஊறி நொதிக்க ஆரம்பித்துவிட்டது. "அன்னிக்குக் காலையிலேர்ந்தே அவ ஏதோ நெனப்புலதான் இருந்தா." "ஒரு நா வாளிய எட்டி ஒதச்சா, ஞாபகம் இருக்கா?" "ஒல்லியா இருக்கறவங்களுக்குக் கவனம் நிக்காது." வாளியை எட்டி உதைக்காத ஆள் அந்த ஷெட்டில் உண்டா? என் காதுபடவே பெஞ்சில் பேசினார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கவனக்குறைவு என்று ஆகிவிட்டால், கவனமாக இருக்கிற நமக்கு ஒன்றும் ஆகாது. நிம்மதியாகப் போய் அதே ரோலரில் கையை நீட்டலாம். ஒரு பெண்ணின் இரண்டு விரலைக் கொடுத்து இவர்கள் தூக்கம் வாங்கினார்கள்.

மேனேஜர் முதலாளியின் மச்சான். வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொல்லிவிட்டார். கவனக்குறைவு என்று முடிவானால் ஊசிக்கு வேலை இல்லை, ஆஸ்பத்திரிச் செலவும் அவள் பாடு. முடிவானால் என்று சொன்னார், முகத்தைப் பார்த்தால் முடிவு முன்னாடியே தயார்.

வெள்ளிக்கிழமை அவருடைய ஸ்கூட்டர் பஞ்சர். நான் ஒன்றும் செய்யவில்லை, ரோட்டில் ஆணி கிடந்தது, அவ்வளவுதான். ஒட்டி முடித்துத் தள்ளிக்கொண்டு போய் ஷெட் வாசலில் நின்றேன். உள்ளே அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, எல்லாரும் சுற்றி நின்றார்கள். வெளியே ஆஸ்பத்திரி வண்டி.

"அந்தப் பொண்ணு கொஞ்சம் அஜாக்கிரதைன்னு கேள்விப்பட்டேன்" என்றார் மேனேஜர். "அதானே நடந்தது? யாராவது வேற ஏதாவது சொல்லணுமா?"

அந்த 'யாராவது' காதில் விழுந்ததும் வெடியின் தோள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். நாற்பது பேரும் தரையில் எதையோ தொலைத்தது போலத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"சார், அந்த நாடாவ நான் கட்டினேன்."

என் கையிலிருந்த ஸ்கூட்டர் சாய்ந்துவிட்டது.

"நீயா?"

"நான்தான். போன மாசம் பழசு லூசா இருந்துச்சு. வண்டிக்காரன் ஹாரன் அடிச்சிட்டே கெடந்தான். நானே கிழிச்சேன், நானே இஸ்திரி போட்டேன், நானே கட்டினேன். இதக் கட்டாதீங்கன்னு மொத நாளே கத்தினவளும் நான்தான். எல்லாரும் சிரிச்சீங்க. சரி, ஒலகத்தோட ஒத்துப் போவோம்னு நானும் கட்டிட்டேன்."

மேனேஜர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப தப்பு உன்னோடதுதானே?"

"இருங்க சார், இன்னும் முடியல." அவள் திரும்பி நீலச் சட்டையைப் பார்த்தாள். அன்றைக்கு அவன் மஞ்சள் சட்டை போட்டிருந்தான், பேர் நீலச் சட்டைதான். "நீ? கூட்டத்தப் பாக்காத. என்னப் பாரு. நீ கட்டினியா, இல்லியா?"

"ரெண்டு தடவ கட்டியிருக்கேன்க்கா."

"பாய்லர் அண்ணே?"

"நான் துணி கிழிச்சுக் குடுத்ததோட சரி."

"அண்ணே!"

"சரிம்மா, ஒரு தடவ கட்டவும் கட்டினேன். கத்தாத."

"நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கல. பச்சப் பொடவ?"

"முடிச்சு நான் போட்டதுதான். எனக்குத்தான் முடிச்சு நல்லா வரும்னு எல்லாரும் சொல்வாங்களே..."

அதற்கு மேல் அவள் கேட்கவேண்டியிருக்கவில்லை. மூன்று பேர் வாய் திறந்ததும் நாலாவது ஆள் தானாகவே, "நானும்" என்றான். மடிக்கிற பெண்கள், துவைக்கிறவர்கள், அங்கங்கே "நானும் ஒரு தடவ". யாருமே கட்டாத நாடாவை ஷெட்டே முறைபோட்டுக் கட்டியிருக்கிறது. ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான் கட்டினோம் என்று பயந்து வாயை மூடியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பதா, ஸ்கூட்டரைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை.

கடைசியாக மேஸ்திரியிடம் வந்தாள். "தெனமும் கேப்பீங்களே மேஸ்திரி. இப்ப நான் கேக்கறேன். எல்லாம் சரிதானே?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சரியில்லம்மா" என்றார். "என்னிக்குமே சரியில்ல."

மேனேஜர் எழுந்தார். "அப்ப எல்லாரும் கூட்டா சேந்துதான் இந்த வேலைய..."

வெளியே வண்டிக்காரன் ஹாரனை அமுக்கினான். எடுக்கவே இல்லை.

"கேக்குதா சார்?" அவள் இப்போதுதான் கத்த ஆரம்பித்தாள். ரயில் பாதைக் குரல். "அந்த வாயத்தான் கட்டியிருக்கணும். அதக் கட்ட முடியாதுன்னு கம்பியக் கட்டினோம். ரோலர் நின்னா எங்கள நிக்கவெச்சு ஏசுறது யாரு? எத்தன கையி கட்டியிருக்குன்னு பாத்தீங்கள்ல? இத்தன பேருக்கும் ஒரே நேரத்துல கவனம் கெட்டுப்போச்சா? இப்ப சொல்லுங்க, ஊசி அஜாக்கிரதையா?"

"நான்... முதலாளிகிட்ட யாரையாவது பேசச் சொல்லி..."

"யாரையாவது இல்ல. நீங்க. இப்ப. போன எடுங்க."

அவர் வாசலைப் பார்த்தார். ஸ்கூட்டர் என்னிடம், சாவி என் பையில். கொடுக்க மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வெடி ரோலருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நீலச் சட்டை வந்து அவள் பக்கத்தில் நின்றான். அப்புறம் பச்சைப் புடவை. ஒருத்தரும் விரிப்பைத் தொடவில்லை. மேனேஜர் போனை எடுத்தார். முதலாளிக்கு என்ன புரிந்ததோ, வண்டி காலியாகத் திரும்பும் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. ஆஸ்பத்திரிச் செலவு ஷெட்டுடையது, ஊசியின் இடம் ஊசிக்கு என்று பேச்சு முடிந்தது. நாடாவை மேஸ்திரியே வெட்டினார். கனத்த விரிப்புகளைத் தனியாகப் பிரித்து மெதுவாக ஓட்டுகிறார்கள். ஹாரன் அடித்தால் இப்போது பாய்லர்காரர் போய் வண்டிக்காரனுக்கு டீ கொடுத்து வாயை அடைக்கிறார்.

இத்தோடு அவள் கோபம் ஆறியிருக்கவேண்டும் அல்லவா? இரண்டு மடங்காயிற்று. ஏனென்றால் மறுவாரமே என் பெஞ்சில் புதுக் கதை. "நாங்க அப்பவே சொன்னோம்ல, அந்தக் கம்பி ஆபத்துன்னு?" "எல்லாரும் ஒத்துமையா நின்னு கேட்டோம்ணே." "வெடி இல்லன்னாலும் நான் கேட்டிருப்பேன்." ஏதோ நாற்பது சிங்கங்கள் அன்றைக்குக் கர்ஜித்தது போல. நான் ஒருத்தனுக்குப் பஞ்சர் ஒட்டாமலேயே அனுப்பினேன்.

ஊசி திரும்பி வந்த நாள் நான் கடையில்தான் இருந்தேன். இரண்டு விரல் மடங்கவில்லை. அந்தக் கையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு அலறல். கூரையில் இருந்த காக்கைகள் கிளம்பின. என் பெண்டாட்டிதான் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இல்லை.

"நீங்களும் கட்டினீங்களாக்கா?" ஊசி அவள் முகத்துக்கு நேராக நின்று கத்திக்கொண்டிருந்தாள். "கையப் புடிச்சு சொல்லிக் குடுத்தீங்களே! இது எதுக்குன்னு உங்களத்தானே கேட்டேன்! என் தப்பு, என் தப்புன்னு நான் கட்டில்ல கெடந்து அழுதப்போ எதிர்லதானே நின்னீங்க? அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? வாயில என்ன வச்சிருந்தீங்க?" அப்புறம் மறைத்து வைத்திருந்த கையை வெளியே எடுத்து, மடங்காத விரலாலேயே சுட்டினாள். "நீ கட்டின! நீங்க கட்டினீங்க! நீயும்தான்!" சிங்கங்கள் நாற்பதும் தலையைக் குனிந்தன.

வெடி முகத்தைத் திருப்பவில்லை. ஊசி கத்தி முடித்து மூச்சு வாங்கும் வரைக்கும் அப்படியே நின்றாள். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து வேலையை ஆரம்பித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வரை ஊசி அவளிடம் பேசவில்லையாம். இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

சாயங்காலம் வீட்டில் பக்கெட்டில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"ஊருக்கே கேட்டுச்சு."

"ஒரு தடவ கூட அது தன் தப்புன்னு அவ சொல்லல, கவனிச்சீங்களா? ஒரு தடவ கூட." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு முகம் மாறியது. "ஆனா தொண்டையிலேர்ந்து கத்துறா. நாளைக்குக் குரல் கட்டிக்கும். அடிவயித்துலேர்ந்து வரணும்."

"நீ சொல்லிக் குடு."

"சொல்லிக் குடுத்ததெல்லாம் போதும்" என்று என்மேல் எரிந்து விழுந்தாள். அப்புறம் பக்கெட்டிலிருந்து கையை எடுத்து உதறிவிட்டு, "அவ வீட்டுப் பக்கத்துல ரயில் இல்ல பாருங்க" என்றாள். "பழக வேண்டியதுதான்."